சானடோரியமா, வீடா? சேத்துப்பட்டில் நடந்த ஒரு பரிசோதனை

"பி.காம் படிக்கிறவனுக்கு டிபி பத்தி என்னடா எழுத வேண்டியிருக்கு?" என்று வகுப்பில் ரெண்டு பேர் கேட்பார்கள், தெரியும். காஸ்டிங் பேப்பருக்குப் படிக்கிறேன் என்று உட்கார்ந்துதான் இதற்குள் போனேன். போன பிறகு காஸ்டிங் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. கொஞ்சம் நீளமான பதிவு, டீ எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள் :-)

பீச் ஸ்டேஷனில் ஏறி தாம்பரம் வரை போயிருப்பவர்களுக்குத் தெரியும், தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷன் பெயர் 'தாம்பரம் சானடோரியம்'. சானடோரியம் என்றால் என்ன என்று நம் செட்டில் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் அது ஏதோ ஊர்ப் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காசநோய்க்காரர்களை வருடக்கணக்கில் தங்கவைத்துப் பார்க்கிற இடத்துக்குத்தான் அந்தப் பெயர். நல்ல காற்று, முட்டை, பால், ஓய்வு. மருந்து? மருந்து என்று ஒன்றும் கிடையாது. 1882-இல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்து அறிவித்துவிட்டார். ஆனால் அதைக் கொல்லும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1940-களில்தான் வந்தது. நடுவில் இருந்த அறுபது வருடமும் டாக்டர்கள் கையில் இருந்தது காற்றும் சாப்பாடும்தான்.

தாம்பரம் சானடோரியத்தை 1928-இல் ஆரம்பித்தவர் டாக்டர் சௌரி முத்து. இவர் அதற்கு முன்னால் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் இதே மாதிரி ஒரு சானடோரியம் நடத்தினார். அங்கே அவரிடம் நோயாளியாக இருந்த ஒருவரை உங்கள் எல்லோருக்கும் தெரியும்: கணிதமேதை ராமானுஜன்.

ராமானுஜன் நம்ம ஏரியாக்காரர் என்று உரிமை கொண்டாட எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. 1912-இல் அவர் வேலைக்குச் சேர்ந்தது சென்னைத் துறைமுகத்தில், கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாக, மாதம் 30 ரூபாய்க்கு. (காமர்ஸ் பசங்களே, கணக்கு எழுதுகிறவன் லேசுப்பட்டவன் இல்லை!) 1914-இல் இங்கிலாந்து போனார். போன கப்பலிலேயே சௌரி முத்துவைச் சந்தித்தார் என்று சொல்கிறார்கள். 1917-இல் உடம்புக்கு முடியாமல் போய், காசநோய் என்று சொல்லி சானடோரியம் சானடோரியமாக அலைந்தார். 1919-இல் ஊருக்குத் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் இறந்தார். வயது 32.

அவருக்கு வந்தது காசநோய்தானா என்பதே இப்போது சந்தேகம். 1994-இல் டி.ஏ.பி. யங் என்ற டாக்டர் பழைய குறிப்புகளையெல்லாம் எடுத்துப் பார்த்து, இது கல்லீரலில் வந்த அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று எழுதினார். அது சரியென்றால், அந்தக் காலத்திலேயே மருந்து இருந்த நோய். இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நோயைக் குணப்படுத்துவது ஒரு பாதி. இன்ன நோய் என்று சரியாகச் சொல்வது இன்னொரு பாதி. இந்த இரண்டாவது பாதிக்குப் பின்னால் வருகிறேன்.

ராமானுஜன் இறந்து 36 வருடம் கழித்து, அதே சேத்துப்பட்டில் ஒரு ஆராய்ச்சி நிலையம் வந்தது. 1956-இல் தொடங்கிய அதன் பெயர் காசநோய் வேதிசிகிச்சை மையம். நம்ம இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கு பேரும் சேர்ந்து ஐந்து வருடத் திட்டமாகப் போட்டது. தலைமை வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர். கூட தேவதத்தா, சி.வி. ராமகிருஷ்ணன், வேலு என்று நம்மவர்கள். புள்ளியியலுக்கு ராதாகிருஷ்ணா.

இவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி சின்னது. காசநோய்க்காரனை சானடோரியத்தில்தான் வைக்க வேண்டுமா, வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் போதாதா?

இதைக் கேட்க ஏன் தைரியம் வேண்டியிருந்தது என்று புரியவேண்டுமானால் அன்றைய நிலவரம் தெரிய வேண்டும். 1952-இல் ஐசோநயாசிட் வந்துவிட்டது. சின்ன மாத்திரை, விலை மலிவு, வேலை செய்யும். கூட பாஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இன்னொரு மருந்து. அதைக் கிராம் கணக்கில் விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டும். மேலைநாடுகளில் இந்த மருந்துகளை சானடோரியத்தில் படுக்கவைத்துத்தான் கொடுத்தார்கள். அங்கே படுக்கைகள் இருந்தன. இங்கே? நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகள் ஆயிரக்கணக்கில். 1955-58-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எடுத்த கணக்கெடுப்பு இன்னொரு குண்டையும் போட்டது. காசநோய் நகரத்து நோய் என்று எல்லோரும் நினைத்திருக்க, கிராமத்திலும் ஏறக்குறைய அதே அளவு இருந்தது. இத்தனை பேருக்கும் தாம்பரம் மாதிரி கட்டுவதென்றால் அரசின் பட்ஜெட் முழுவதும் கட்டிலுக்கும் மெத்தைக்குமே போயிருக்கும். நம் பாஷையில் சொன்னால், நிலையான செலவு அத்தனையும் கட்டிடத்தில், குணப்படுத்துகிற மாத்திரையோ சில்லறைக் காசு.

தடுப்பூசி பக்கமும் சண்டை. 1948-இல் கிண்டியில் பி.சி.ஜி. தயாரிக்கும் ஆய்வகம் வந்தது. ஊர் ஊராகக் குத்தினார்கள். ராஜாஜி அதைக் கடுமையாக எதிர்த்து 1955-இல் தனிப் புத்தகமே போட்டார். (அவர் சொன்ன காரணங்கள் பலவும் அறிவியலுக்கு ஒத்துவராதவை. ஆனால் 1968-இல் நம்ம செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய மாபெரும் பி.சி.ஜி. சோதனை, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுப்பதில்லை என்றே காட்டியது. குழந்தைகளுக்கு வரும் மூளைக் காய்ச்சல் மாதிரி கொடிய வகைகளைத் தடுப்பதால் இன்றும் பிறந்தவுடன் போடுகிறோம். இது தனிப் பதிவுக்கான விஷயம்.)

சரி, பரிசோதனைக்கு வருவோம்.

193 நோயாளிகள். எல்லோரும் சென்னையின் ஏழைகள். சீட்டுக் குலுக்குவது மாதிரி பிரித்து, ஒரு பாதியை சானடோரியத்துக்கு அனுப்பினார்கள், மறு பாதியை வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். யார் எங்கே என்று டாக்டர் இஷ்டத்துக்கு முடிவு செய்யக்கூடாது. முடிவு செய்தால் மோசமாக இருப்பவரை ஒரு பக்கம் தள்ளிவிடுவார், அப்புறம் ஒப்பிடவே முடியாது. இரண்டு குழுவுக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம்: ஐசோநயாசிட்டும் பாஸும்.

மற்ற எல்லாமே வேறு வேறு. சானடோரியத்தில் இருந்தவருக்குக் காற்றோட்டமான வார்டு, நல்ல சாப்பாடு, படுக்கையில் ஓய்வு, நர்ஸ் கையால் மாத்திரை. வீட்டில் இருந்தவருக்கு ஒரே அறை, அதில் மொத்தக் குடும்பமும், கஞ்சியோ சோறோ கிடைத்தது சாப்பாடு. கொஞ்சம் தேறியதும் பலர் வேலைக்கே போய்விட்டார்கள், போகாவிட்டால் அடுப்பு எரியாது. வாரம் ஒருமுறை மையத்துக்கு வந்து மாத்திரை வாங்கிப்போக வேண்டும்.

வீட்டுக்காரர்கள் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா என்று எப்படித் தெரியும்? இங்கேதான் ஃபாக்ஸ் குழு ரொம்ப கில்லாடித்தனமாக இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரை வாங்கி அதில் மருந்து இறங்கியிருக்கிறதா என்று சோதித்தார்கள். நம் ஆடிட்டிங் பாடத்தில் முன்னறிவிப்பில்லாமல் போய்ச் சரக்கை எண்ணிப் பார்ப்பது என்று வருமே, அதே கதைதான். இது சந்தேகப் புத்தி என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை. நன்றாக ஆனதும் மாத்திரையை நிறுத்துவது மனித சுபாவம், லண்டன்காரனும் அதைத்தான் செய்வான். அந்த சுபாவத்தைத் திட்டாமல் கணக்கில் எடுத்துக்கொண்டதுதான் இவர்கள் செய்த புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன்.

முடிவு 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்தது. ஒரு வருட முடிவில் கிருமி அடங்கியவர்கள், சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். கட்டில், முட்டை, பால், நர்ஸ், மலைக்காற்று அத்தனைக்கும் சேர்த்துக் கிடைத்த வித்தியாசம் அவ்வளவுதான். அதற்குப் பிறகும் ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். குணமானவர்களில் மறுபடி நோய் திரும்பியவர்கள் இரண்டு குழுவிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சரி, நோயாளி பிழைத்தார், வீட்டில் கூட இருந்த குழந்தைகள்? இதுதான் எல்லோருக்கும் பயம். எனக்குப் படித்ததிலேயே ஆச்சரியமான பகுதியும் இதுதான். இரண்டு குழு நோயாளிகளின் குடும்பங்களையும் ஐந்து வருடம் எக்ஸ்ரே எடுத்துக் கண்காணித்தார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்த குடும்பத்துக்கும், சானடோரியத்துக்குப் போன குடும்பத்துக்கும் புதிதாக நோய் வந்ததில் சொல்லத்தக்க வித்தியாசமே இல்லை.

ஏன் என்று யோசித்தால் விடை எளிது. ஒருவர் "எனக்கு டிபி" என்று தெரிந்துகொள்வதற்குள் மாதக்கணக்கில் வீட்டில் இருமியிருப்பார். பரவ வேண்டியது பெரும்பாலும் அதற்குள் பரவி முடிந்திருக்கும். மருந்து ஆரம்பித்த பிறகு அவரிடமிருந்து பரவுவது வேகமாகக் குறைந்துவிடும். ஆக, நோயைக் கண்டுபிடித்த பிறகு அவரை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைப்பதால் வீட்டாருக்குப் பெரிய பாதுகாப்பு ஒன்றும் கூடிவிடாது. பாதுகாப்பு என்பது சீக்கிரம் கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது. டிபி என்று தெரிந்தவுடன் தட்டையும் டம்ளரையும் தனியே வைக்கிறோமே, அந்தத் தட்டால் பரவுகிற நோயே இல்லை இது, காற்றில் பரவுவது. இருமிய நாளெல்லாம் ஒரே அறையில் ஒரே ஃபேனுக்குக் கீழே படுத்துவிட்டு, ரிசல்ட் வந்த அன்று டம்ளரைப் பிரித்துவைக்கிற நம் பழக்கத்தைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இந்த ஒரு ஆராய்ச்சி உலகத்தையே திருப்பிப்போட்டது என்று சொன்னால் மிகையில்லை. சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, அல்லது வேறு வேலைக்கு மாறின. தாம்பரமே 1990-களில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கான பெரிய மருத்துவமனையாக மாறியது. 1962-இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டு சிகிச்சையை அடிப்படையாக வைத்துத்தான் போடப்பட்டது. 1964-இல் அதே சேத்துப்பட்டு மையம் இன்னொன்றைக் காட்டியது: வாரத்துக்கு இரண்டே நாள், மருந்தைக் கண்ணெதிரே கொடுத்தால், தினமும் தானே எடுத்துக்கொள்வதற்குக் குறையாத பலன் கிடைக்கிறது. முப்பது வருடம் கழித்து 'டாட்ஸ்' என்று உலகம் முழுக்கப் பரவியதற்கு வேர் இங்கேதான். அந்த மையம் 1978-இல் காசநோய் ஆராய்ச்சி மையமாகி, 2011-இல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஆனது. உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானியாக இருந்த சௌம்யா சுவாமிநாதன் இதன் இயக்குநராக இருந்தவர்தான்.

முழுக்கப் புகழ்ந்துவிட்டுப் போகவும் எனக்கு மனசு வரவில்லை. அதே காலத்தில் இதே மையம் ஐசோநயாசிட்டை மட்டும் தனியாகக் கொடுத்தும் சோதித்தது, ஏழை நாட்டுக்கு அது ரொம்ப மலிவு என்பதால். இரண்டு மருந்து சேர்த்துக் கொடுத்தவர்கள் அளவுக்கு அவர்கள் தேறவில்லை. பலருக்குக் கிருமி அந்த மருந்துக்கே அசையாததாக மாறிவிட்டது. ஒற்றை மருந்து ஆபத்து என்பது அப்போதே ஓரளவு தெரியும். நாடு ஏழை என்பதற்காக நோயாளிக்கும் ஏழை வைத்தியம்தானா என்ற கேள்வி இதைப் படிக்கும்போது வரத்தான் செய்கிறது.

இப்போது இரண்டாவது பாதிக்கு வருகிறேன்.

வீட்டிலேயே குணப்படுத்தலாம் என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் நோயைக் கண்டுபிடிக்க வேண்டியவர் யார்? தெருமுனை டாக்டர். சானடோரியம் காலத்தில் அவர் வேலை சந்தேகப்பட்டு அனுப்பிவைப்பது மட்டும்தான். 1959-க்குப் பிறகு மொத்தப் பாரமும் அவர் தலையில் விழுந்தது. அவர் தயாராக இருந்தாரா?

பெங்களூரில் 1959-இல் தொடங்கிய தேசியக் காசநோய் நிறுவனத்தில் இருந்த டி. பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் கர்நாடகத்தின் தும்கூர் பகுதிக் கிராமங்களில் போய் விசாரித்து 1963-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதுவரை எல்லோரும் "ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை, இருமினால் டாக்டரிடம் வருவதில்லை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் கண்டது நேர்மாறு. காசநோய் உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தங்களுக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்தே இருந்தது. பாதிப் பேர் ஏற்கனவே மருத்துவமனைக்குப் போயும் இருந்தார்கள். போன இடத்தில் ஒரு பாட்டில் இருமல் மருந்து கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்!

அறுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த பாட்டில் இன்னும் நம் தெருவில் இருக்கிறது.

காலடிப்பேட்டையைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலட் என்பவர் நெசவாளர்களுக்காக உண்டாக்கிய பேட்டை, காலட்பேட்டை, வாயில் நுழையாமல் காலடிப்பேட்டை ஆனது. 2011 முதல் சென்னை மாநகராட்சியில் இருக்கிறோம், 2021-இல் மெட்ரோவும் வந்துவிட்டது. சுற்றிலும் ஃபேக்டரி, கண்டெய்னர் லாரி, எண்ணூர் போகிற ரோட்டுப் புழுதி. இங்கே ஒருவர் இருமினால் அதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். புகை, தூசி, பீடி, சளி, 'ஏசி ஒத்துக்கல'. அதனால்தான் இங்கே இருமலை யாரும் கண்டுகொள்வதில்லை.

எங்கள் எதிர்வீட்டு அண்ணன் ஒருவர் லாரி ஷெட்டில் வேலை பார்க்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு இருமல். முதலில் மெடிக்கல் ஷாப்பில் சிரப். அப்புறம் ஒரு கிளினிக், பெயர் வேண்டாம். ஐந்து நாள் ஆன்டிபயாடிக். கொஞ்சம் நின்றது, மறுபடி வந்தது. மறுபடி அதே கிளினிக், இந்தமுறை 'கொஞ்சம் பவர்' ஜாஸ்தி மாத்திரை. சாயங்காலம் ஆனால் உடம்பு கதகதவென்று இருக்கும். பேண்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புதுசாக ஓட்டை போட்டார். "வேலை ஜாஸ்திண்ணா, அதான் இளைச்சிட்டேன்" என்று எங்கள் அப்பாவிடம் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மூன்றரை மாதம் போன பிறகு, வேறு எதற்கோ அரசு மருத்துவமனைக்குப் போன இடத்தில் ஒரு நர்ஸ் கேட்டார், "எத்தனை நாளா இருமறீங்க?" அந்த ஒரு கேள்விதான். மறுநாள் சளி டெஸ்ட். டிபி. கூடவே சர்க்கரையும் இருந்தது, அதுவும் அதுவரை தெரியாது.

அவரைப் பார்த்த கிளினிக்கை மட்டும் குறை சொல்லி முடித்துவிட முடியாது. நூறு பேர் இருமினால் அதில் ரொம்பச் சிலருக்குத்தான் டிபி இருக்கும். மற்றவர்களுக்கு அது தானே போய்விடும். ஒரு நாளைக்கு அறுபது எழுபது பேரைப் பார்க்கிற இடத்தில், நிமிடக் கணக்கில் முடிவெடுக்க வேண்டிய டாக்டர், பெரும்பாலும் சரியாக இருப்பதையே எல்லோருக்கும் சொல்கிறார். வடசென்னையில் அப்படி ஒரு நாளெல்லாம் உட்கார்ந்து ஏழைகளைப் பார்த்தவர்கள்தான் வண்ணாரப்பேட்டை ஜெயச்சந்திரனும் வியாசர்பாடி திருவேங்கடமும். இரண்டு ரூபாயில் தொடங்கி ஐந்து ரூபாய் டாக்டர் என்று பேர் வாங்கியவர்கள். ஒருவர் 2018-இலும் மற்றவர் 2020-இலும் காலமானபோது தெருவே அழுதது. ஃபீஸ் குறைவு என்பதால் மட்டும் ஜனங்கள் அவர்களிடம் போகவில்லை. வருடக்கணக்கில் அதே ஆளை, அவர் அப்பாவை, பிள்ளையைப் பார்க்கிற டாக்டருக்கு "இவன் போன தடவையும் இருமிக்கிட்டேதானே வந்தான்" என்று ஞாபகம் இருக்கும். கிளினிக் மாற்றி கிளினிக் போகிறவருக்கு ஒவ்வொரு இருமலும் முதல் இருமல்தான்.

அதனால்தான் விதியைச் சுலபமாக வைத்திருக்கிறார்கள். முன்பு மூன்று வாரம் என்று இருந்தது, இப்போது இரண்டு வாரம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், காரணம் என்னவாக இருக்கும் என்று யூகித்துக்கொண்டிருக்காமல், சளியைச் சோதித்துவிட வேண்டும். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது, ராத்திரி வியர்த்துக் கொட்டுவது, சளியில் ரத்தம் இதில் ஏதாவது இருந்தால் காத்திருக்கவே வேண்டாம். முன்பு மைக்ரோஸ்கோப்பில் சாயம் பூசிப் பார்ப்பதுதான். அதில் கிருமி நிறைய இருந்தால்தான் தெரியும். இப்போது கிருமியின் மரபணுவையே தேடுகிற கருவி வந்துவிட்டது. சில மணி நேரத்தில், ரிஃபாம்பிசின் மருந்துக்கு அந்தக் கிருமி அசையுமா அசையாதா என்பது உட்பட சொல்லிவிடும். அரசு இடங்களில் பைசா செலவில்லை. ரத்தம் எடுத்து டிபி சொல்கிறேன் என்று தனியார் லேப்களில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வகை டெஸ்ட்டை, தப்புத்தப்பாகக் காட்டுகிறது என்று 2012-இல் மத்திய அரசு தடையே செய்தது. அதே வருடம், டிபி கண்டுபிடித்தால் தனியார் டாக்டரும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

'கொஞ்சம் பவர்' மாத்திரைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. லீவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்குகள் டிபி கிருமியையும் கொஞ்சம் அடிக்கும், ஆனால் முழுசாக ஒழிக்காது. இருமல் குறைந்த மாதிரி இருக்கும், டெஸ்ட்டில்கூட கிருமி தட்டுப்படாமல் போகலாம். இரண்டு வாரம் கழித்து எல்லாம் பழையபடி. அதற்குள் வீட்டில் இன்னும் இரண்டு பேர் அதே காற்றைச் சுவாசித்திருப்பார்கள். இது புரிந்த பிறகு எதிர்வீட்டு அண்ணனின் மூன்றரை மாதம் எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது.

சர்க்கரை விஷயமும் முக்கியம். சர்க்கரை நோய் இருந்தால் டிபி வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. நம் ஊரில் முப்பது வயதிலேயே சர்க்கரை வருகிறது. அதனால் டிபி என்றால் சர்க்கரையும் எச்.ஐ.வி.யும் பார்ப்பது இப்போது கட்டாய நடைமுறை. பார்க்காமல் விட்டிருந்தால் அண்ணனுக்கு மாத்திரை வேலை செய்தும் உடம்பு தேறியிருக்காது.

சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் ஐசோநயாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு, எத்தாம்ப்யூட்டால் நான்கும், அடுத்த நான்கு மாதம் பைராசினமைடு மட்டும் இல்லாமல். பல வருடம் வாரம் மூன்று நாள் என்று இருந்தது, 2017-இல் தினசரி ஆனது. ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு கலரில் போகும், பயப்பட வேண்டியதில்லை. பசி போய், வாந்தி வந்து, கண் மஞ்சளானால் மட்டும் உடனே ஓட வேண்டும், கல்லீரல் பாதிப்பாக இருக்கலாம். அண்ணன் வீட்டிலிருந்தபடியே ஆறு மாதமும் முடித்தார். இப்போது பெல்ட்டில் பழைய ஓட்டைக்கே திரும்பிவிட்டார் :-)

இவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. சேத்துப்பட்டு ஆராய்ச்சி, நல்ல சாப்பாடு இல்லாமலே மருந்தால் குணமாகலாம் என்று காட்டியது. அதைப் பிடித்துக்கொண்டு பல பத்தாண்டுகள் அரசுகள் மாத்திரையை மட்டும் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டை மறந்தன. சாப்பாடு தேவையே இல்லை என்று அந்த ஆராய்ச்சி சொல்லவில்லை. மருந்து சாப்பிடுகிறவரின் கிருமி அடங்குவதற்கு அது தடையாக இல்லை என்று மட்டும்தான் சொன்னது. 2019-இலிருந்து 2022 வரை ஜார்க்கண்டில் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா குழு 2,800 நோயாளிகளின் வீடுகளில் ஒரு பரிசோதனை நடத்தியது. நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள். குடும்பங்களில் ஒரு பாதிக்கு மட்டும் வீட்டில் மற்றவர்களுக்கும் சேர்த்து அரிசி, பருப்பு. 2023-இல் முடிவு வந்தது: அப்படிச் சேர்த்துக் கொடுத்த குடும்பங்களில் மற்றவர்களுக்கு டிபி வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்திருந்தது. 1956-இல் வீட்டார்மேல் பரவுமா என்று கேட்டார்கள். வீட்டார் தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்க இன்னும் அறுபது வருடம் ஆகியிருக்கிறது. 2018-இல் தொடங்கிய நிக்ஷய் போஷன் திட்டத்தில் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்தார்கள், 2024 நவம்பரில் 1,000 ஆக்கினார்கள். இன்றைய பருப்பு விலைக்கு அது எத்தனை நாளைக்கு வரும் என்று காஸ்டிங் பசங்க கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கட்டிலும் ஒரு விதத்தில் திரும்பி வந்திருக்கிறது. டிபியால் இறப்பவர்களில் பலர் மருந்து ஆரம்பித்த முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே இறக்கிறார்கள். வருகிறபோதே அவ்வளவு மோசமாக வருகிறார்கள். அதனால் 2022-இல் தமிழ்நாடு அரசு 'காசநோய் இறப்பில்லா திட்டம்' என்று ஒன்றை ஆரம்பித்தது. டிபி என்று தெரிந்தவுடன் ஆரம்ப நிலையிலேயே பார்ப்பது மூன்றே விஷயம்: உயரத்துக்கு எடை எவ்வளவு குறைவு, மூச்சு எப்படி இருக்கிறது, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. ஒரு எடை மெஷினும், விரலில் மாட்டுகிற ஆக்ஸிமீட்டரும், பார்க்கிற கண்ணும் போதும், பெரிய டாக்டர்கூட வேண்டாம். இதில் தேறாதவர்களை மட்டும் உடனே வார்டில் சேர்த்துப் பார்க்கிறார்கள். மற்றவர்கள் மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு.

அடுத்த பதிவு காலட் துரையும் நெசவாளர்களும். செமஸ்டர் முடிந்த பிறகு.